துறைமுகத்திலும் ரயிலிலும் கொட்டும் பணம் சென்னைப் பிள்ளைகளுக்கு நல்ல வேலையாக மாறுமா?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக: "தம்பி ஐடிஐ ஃபிட்டர் முடிக்கப் போகிறான். துறைமுக விரிவாக்கம், புது ரயில்கள் என்று தினம் செய்தி வருகிறது. இதனால் சங்கம் உள்ள, கைத்திறனுக்கு மதிப்புள்ள வேலைகள் கூடுமா?"

வேலை கூடும், அதில் சந்தேகம் இல்லை. சங்கம் உள்ள வேலை கூடுமா என்பது சம்பளச் சீட்டில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் ராஜாஜி சாலைப் பக்கம் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருக்கிறேன். சித்தப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

துறைமுக வேலைக்கு வட சென்னையில் இருந்த மவுசு, சரக்கு நிறைய வந்ததால் மட்டும் வந்ததில்லை. சரக்கு வெள்ளைக்காரன் காலத்திலும்தான் வந்தது. அப்போது மேஸ்திரி கைகாட்டியவனுக்குத்தான் அன்றைய கூலி. 1948-இல் டாக் தொழிலாளர் சட்டம் வந்து, அதன் கீழ் இங்கே டாக் லேபர் போர்டு என்ற துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்த பிறகுதான் பதிவு பெற்ற ஆள், முறை வைத்து வேலை, கப்பல் இல்லாத நாளில் ஆஜரானாலும் ஒரு தொகை என்ற ஏற்பாடெல்லாம் வந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டது சங்கம். பழைய துறைமுகக் குடும்பங்களில் அந்தோணிப் பிள்ளை பெயரைச் சொல்லிப் பாருங்கள். 1918-இல் பி அண்ட் சி மில் ஆட்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், துறைமுகச் சங்கம் இரண்டுக்கும் தலைவராக இருந்தவர், 1957-இல் வட சென்னை எம்.பி. கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று கப்பல்காரருக்கும் தெரியும், சங்கத்துக்கும் தெரியும். பேரம் அங்கேதான் பிறந்தது.

1983-இல் கன்டெய்னர் முனையம் திறந்ததும் கணக்கு மாறியது. கப்பலின் அடியில் இறங்கி மூட்டை அடுக்க ஒரு கேங்க் தேவைப்பட்ட இடத்தில் கரையோரக் கிரேன் வந்து நின்றது. அதை ஓட்டுபவர் உயரத்தில் கண்ணாடித் தரை போட்ட கேபினில் உட்கார்ந்து, குனிந்து கால்களுக்கு நடுவே கீழே பார்த்தபடி, பெட்டியைக் கவ்வும் சட்டமான ஸ்ப்ரெடர் காற்றில் ஆட, அதைப் பெட்டியின் நான்கு மூலை ஓட்டைகளில் சரியாக இறக்க வேண்டும். மூலைகளில் உள்ள ட்விஸ்ட் லாக் என்ற பூட்டுகள் பூட்டிய விளக்கு எரிந்த பிறகுதான் தூக்கலாம். ஷிஃப்ட் முழுக்க இதே வேலை. கழுத்தும் முதுகும் அவ்வளவுதான். முன்பைவிடக் குறைவான ஆள், ஆனால் ஒவ்வொருவரிடமும் கூடுதல் திறன்.

திறன் கூடினால் பேரமும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? 2001-ஐப் பாருங்கள். அந்த முனையம் முப்பது ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாருக்குப் போனது. அதே ஆண்டு டாக் லேபர் போர்டு துறைமுகத்தோடு இணைக்கப்பட்டது. எண்ணூர் துறைமுகம் செயல்படத் தொடங்கியதும் அதே ஆண்டுதான், அது பழைய துறைமுகம் போல டிரஸ்டாக இல்லாமல் தொடக்கத்திலிருந்தே கம்பெனி. அப்புறம் 2013-இல் வந்த காட்டுப்பள்ளித் துறைமுகம் தனியார் கையில். முதலீடு நிற்கவே இல்லை, முதலாளிதான் மாறினார். 2024 ஆகஸ்டில் மத்திய அரசின் பெரிய துறைமுகங்களில் சங்கங்கள் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்து, கடைசி நேரத்தில் 8.5 சதவீதச் சம்பள உயர்வுக்கு உடன்பாடு கண்டார்கள். நல்ல பேரம்தான். ஆனால் அது துறைமுகத்தின் சொந்த ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும். பக்கத்துத் தனியார் முனையத்தில் கிரேன் ஓட்டுபவருக்கு அதில் எதுவும் இல்லை.

ரயில் பக்கம் நிலைமை சற்றுத் தேவலை. 1955-இல் தொடங்கிய பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அதாவது ஐசிஎஃப், 2019-20-இல் நாலாயிரத்துக்கும் மேல் பெட்டிகள் கட்டியது, முதல் வந்தே பாரத் ரயிலும் அங்கேதான் உருவானது. அங்கே வெல்டர், ஃபிட்டர் என்றால் பெயருக்கு ஏற்ற கிரேடு, பதவி உயர்வு எல்லாம் உண்டு. ரயில்வேயில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை ரகசிய வாக்கெடுப்பில் ஊழியர்களே முடிவு செய்கிறார்கள், கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது. ஆனால் பெட்டியின் உள்வேலைகள் ஒப்பந்தக்காரர் வழியாகவும் போகின்றன. அதே கூரை, அதே ரயில், சீட்டில் வேறு பெயர்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 45 வேகன் கொண்ட ஒரு கன்டெய்னர் ரயில் 90 இருபதடிப் பெட்டிகளை எடுத்துப் போகும். அத்தனையும் சாலையில் போனால் 45-க்குக் குறையாத டிரெய்லர்கள் வேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரைவர்களைப் பார்த்தவர்களுக்கு ரயிலின் அருமை புரியும். ஆனால் ரயிலில் வேலை கிடைப்பது சிலருக்குத்தான். அந்தச் சிலரின் வேலைக்குப் பாதுகாப்பு உண்டு, அவ்வளவே.

ஏற்றுமதித் தொழிற்சாலைகள் வந்தாலே சங்கம் வந்துவிடும் என்பவர்களுக்கு சுங்குவார்சத்திரத்தைக் காட்டுவேன். 2007-இல் வந்த சாம்சங் ஆலையில், சங்கத்தைப் பதிவு செய்யவும் அங்கீகரிக்கவும் கேட்டு 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில்.

சரி, உங்கள் தம்பிக்கு வருவோம். ஐசிஎஃப் ஆண்டுதோறும் அப்ரெண்டிஸ் எடுக்கிறது, கண்டிப்பாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அப்ரெண்டிஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரயில்வேயில் ஆரம்ப நிலையான லெவல்-1 பணியிடங்களில் 20 சதவீதம் அப்ரெண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கீடு, ஆனால் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். தனியார் முனையத்தில் மெயின்டனன்ஸ் பிரிவில் அழைப்பு வந்தால் போகலாம், ஹைட்ராலிக்ஸ் கற்றுக்கொண்டால் எங்கேயும் பிழைப்பான். சேரும் முன் ஆர்டரில் முனையத்தின் பெயர் இருக்கிறதா, ஆள் சப்ளை ஏஜென்சியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஏஜென்சி என்றால் பிஎஃப் எண்ணையும் ஈஎஸ்ஐ அட்டையையும் முதல் மாதமே கேட்டு வாங்கிவிட வேண்டும்.