அவர் சொல்ல வந்ததும் நீங்கள் கேட்டதும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன். தனியார் நிறுவனமொன்றில் கணக்கராக இருக்கிறேன். எங்கள் பக்கத்து விசைத்தறிக் குடும்பங்களை வைத்து நான் எழுதிய முதல் நாவல் ஆறு மாதம் முன்பு வெளிவந்தது. முதலில் 200 பிரதிகள் அச்சிட்டோம். வெளியீட்டு விழாவில் ஐந்து பேர் பேசினார்கள். எழுத்தாளர்கள், விமர்சகர்கள், நண்பர்கள் என்று எழுபது பேருக்கு இலவசமாகக் கொடுத்தேன். மூன்று பேர் ஃபேஸ்புக்கில் அட்டைப்படம் போட்டார்கள். அதோடு சரி. குட்ரீட்ஸில் ஒருவர் காசு கொடுத்து வாங்கி ஏமாந்ததாகச் சொல்லி, ஒற்றை நட்சத்திரம் போட்டு 'இழுவை' என்று எழுதிவிட்டார்.

போன மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு அம்மா போன் செய்தார். புத்தகத்தின் முன்பக்கத்தில் என் எண்ணைப் பார்த்தாராம். நாவலில் வரும் தார் சுற்றும், அதாவது தறிக்கு நூலைக் குழலில் சுற்றிக்கொடுக்கும் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தன் அத்தையைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நன்றி சொல்லி, இதையே அமேசானில் நாலு வரி எழுதிப் போட முடியுமா என்று கேட்டேன். சரி என்றார். இதுவரை போடவில்லை.

நாவல் வந்த பிறகு வாசகர்களைச் சென்றடைவது எப்படி ஐயா? ரீல்ஸ் போடவேண்டுமா? புத்தகக் காட்சியில் நாள் முழுக்க ஸ்டாலில் நிற்கவேண்டுமா? ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸே ஊர் ஊராக மேடை ஏறியவர்தானே என்கிறார்கள் நண்பர்கள். மூத்த எழுத்தாளர்கள் எங்களைக் கண்டுகொள்வதே இல்லை என்ற வருத்தமும் உண்டு.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள தம்பிக்கு,

முதல் நாவல் எழுதியவர்களிடமிருந்து இப்படிக் கடிதம் வருவது எனக்குப் புதிதில்லை. பெரும்பாலும் தனியாகப் பதில் எழுதிவிடுவேன். உங்கள் கடிதத்தின் நடுப்பத்தி மட்டும் என்னை விடவில்லை. கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை அது தொட்டுவிட்டது. அதனால்தான் பெயரை எடுத்துவிட்டுப் பொதுவில் வைக்கிறேன்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். ரீல்ஸ் போட வருமென்றால் போடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஒற்றை நட்சத்திரக்காரர் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர். இழுவை என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் உண்டு, அவரிடம் போய் வாதாடாதீர்கள். மூத்தவர்கள் கண்டுகொள்வதில்லை என்ற வருத்தத்துக்கு நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. இந்த ஒரு வருஷத்தில் உங்கள் வயதுக்காரர் ஒருவருடைய நாவலை வாங்கிப் படித்து, அவருக்கு ஒரு பக்கமாவது எழுதினீர்களா? அதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் போன்.

தம்பி, நீங்கள் செய்த காரியம் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு பெண் முன்பின் தெரியாத ஆணுக்குப் போன் செய்வது நம் ஊரில் லேசான காரியமா? அடுப்படி வேலை முடிந்து, வீட்டில் எல்லோரும் படுத்து, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, போடலாமா வேண்டாமா என்று எவ்வளவு நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்! 'அத்தையைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டார்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த அத்தைக்கு என்ன ஆயிற்று? அவரும் தார் சுற்றியவரா? எந்த ஊர்த் தறியில்? உயிரோடு இருக்கிறாரா? உங்கள் கடிதத்தில் ஒன்றுக்கும் பதிலில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்கவில்லை. வீடு தேடி வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, இந்த மனுவில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்று அனுப்பி வைத்ததுபோல இருக்கிறது. அதன்பிறகு 'வாசகரைச் சென்றடைவது எப்படி' என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அவர் ஏன் இன்னும் அமேசானில் எழுதவில்லை என்று உங்களுக்குப் புரிகிறதா? அவருக்கு உங்கள் நாவலைப் பற்றி ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குச் சொல்ல இருந்தது அத்தையைப் பற்றி. அதுவும் உங்களிடம்.

என் நாவல் ஒன்று தீப்பெட்டி ஆபீசுப் பிள்ளைகளை, அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பிள்ளைகளைப் பற்றியது. சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் அங்கே கட்டையில் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் வளர்ந்தார்கள். இருட்டு பிரியும் முன்பே கிராமத்துக்கு வண்டி வந்துவிடும். அதை எழுதுவதற்காக நான் நிறையத் திரட்டினேன். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், அதற்குப் பத்து வருஷம் கழித்து 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி கட்டவேண்டிய இருபதாயிரம் ரூபாய், எல்லாம் தெரிந்துகொண்டேன். வண்டி ஓட்டியவர்களைப் பார்த்தேன், பிள்ளைகளை வேலைக்குச் சேர்த்துவிட்ட ஏஜென்டுகளைப் பார்த்தேன். நாவல் வந்து சில மாதம் கழித்து இன்லேண்ட் லெட்டர் ஒன்று வந்தது. அனுப்பியவர் ஒரு சத்துணவு அமைப்பாளர். 'புத்தகம் லைப்ரரியில் எடுத்தேன், படித்து முடித்தேன்' என்று நாவலைப் பற்றி அந்த ஒரு வரிதான். பிறகு முழுக்கத் தன் கதை. எட்டு வயதில் வண்டி ஏறியவர். அம்மா ராத்திரியே தலைக்கு எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டிவிட்டுத்தான் படுக்க வைப்பாராம். காலையில் ஹாரன் கேட்டால் எழுப்பித் தூக்கிவிட வேண்டியதுதான், சடை பின்ன நேரம் இருக்காது. 'ரிப்பன் முடிச்சு குத்தும் என்று ஒருக்களித்தே படுத்துப் பழகினேன். இன்றைக்கும் மல்லாந்து படுத்தால் எனக்குத் தூக்கம் வராது சார்' என்று எழுதியிருந்தார். மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதி, கடைசி வரியைப் பக்கவாட்டில் செங்குத்தாகக் கொண்டுபோய் முடித்திருந்தார்.

நான் திரட்டிய எந்தக் கோப்பிலும் அந்த ரிப்பன் இல்லை. எந்த ஏஜென்டும் அதைச் சொல்லவில்லை, சொல்ல அவர்களுக்குத் தெரியாது. நாவல் அச்சாகி அந்தப் பெண் கைக்குப் போகாமல் இருந்திருந்தால் அது யாருக்கும் சொல்லப்படாமலே போயிருக்கும். நான் உடனே பதில் எழுதினேன். நாவலின் முடிவு பிடித்திருந்ததா, மொழி எப்படி என்றெல்லாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா இப்போது எங்கே இருக்கிறார், தங்கைகளும் வண்டி ஏறினார்களா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு வந்த பதில் இன்னும் நீளம். இன்றுவரை அவர் என் புத்தகங்கள் எதையும் பாராட்டி ஒரு வரி எழுதியதில்லை. எனக்கு வாய்த்த நல்ல வாசகர் என்று யாரையாவது சொல்லச் சொன்னால் அவரைத்தான் சொல்வேன்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. நாவல் வந்தபின் நீங்கள் வாசகரிடம் பேசப் போகவேண்டியதில்லை, அவர் சொல்வதைக் கேட்கப் போகவேண்டும். பேசவேண்டியதை முந்நூறு பக்கத்துக்குப் பேசி முடித்தாயிற்று. இனி அவர் முறை. கூட்டங்களில் பார்க்கிறேன், வாசகர் ஒருவர் எழுந்து 'எங்க ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருந்தார்' என்று ஆரம்பிப்பார். தொகுப்பாளர் மைக்கை வாங்கி, 'நாவலைப் பற்றி மட்டும் பேசுங்க, நேரமாகுது' என்பார். மேடையிலிருக்கும் எழுத்தாளரும் கடிகாரத்தைப் பார்ப்பார். ஐயா, அவர் நாவலைப் பற்றித்தான் பேசுகிறார்! அந்த 'ஒருத்தர்' அவர் நினைவுக்கு வந்ததற்கே உங்கள் நாவல்தான் காரணம். அவரை உட்காரவைத்துவிட்டு, இந்தப் பாத்திரம் எதன் குறியீடு என்று ஏற்புரையில் அரை மணி நேரம் விளக்குகிறீர்கள். படிக்காதவருக்கு அது புரியாது. படித்தவருக்கு அது வேண்டாம்.

டிக்கன்ஸ் என்றீர்கள். உண்மைதான். 1858இலிருந்து காசு வாங்கிக்கொண்டு மேடையேறினார், 1867இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி அடுத்த வருஷம்தான் திரும்பினார். அந்த அலைச்சல் உடம்பைத் தின்றது, 1870இல் இறந்தார். ஆனால் மேடையில் அவர் செய்தது என்ன? கதையை வாசித்தார். பாத்திரங்களாக மாறி, குரல் மாற்றி, நடித்து வாசித்தார். அதற்கு முன்பே இருபது வருஷத்துக்கு மேலாக மாதாமாதம், வாராவாரம் அவர் கதைகள் வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தன. நண்பர்கள் சொல்கிறார்கள் என்று அவரைத் துணைக்கு அழைப்பதானால், அடுத்த கூட்டத்தில் ஏற்புரையை விட்டுவிட்டு நாவலிலிருந்து பத்துப் பக்கம் வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சு வருகிற பத்துப் பக்கம்.

நமக்குப் பக்கத்திலேயே எழுத்தாளர் சி.சு. செல்லப்பா இருக்கிறார். 1959இல் 'எழுத்து' இலக்கியப் பத்திரிகை தொடங்கியவர். புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவர் பட்ட கஷ்டத்தைச் சொல்லிக் கண்கலங்குவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தப் பையில் என்ன இருந்தது என்பதுதான் முக்கியம். புதுக்கவிதை முன்னோடி ந. பிச்சமூர்த்தியின் கவிதைகள் இருந்தன, அப்போது யாரும் சீண்டாத புதுக்கவிதைக்காரர்களின் தொகுப்பு இருந்தது. மற்றவர்களின் எழுத்தையும் சேர்த்துச் சுமந்த மனிதர் அவர். எண்பத்தைந்து வயதில், 1997இல், தன் மூன்று பாகப் பெருநாவலைத் தானே அச்சிட்டார். அடுத்த வருஷம் காலமானார். அந்த நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது 2001இல்தான் வந்தது. ஒரு மாணவன் வாங்குவான், அவனோடு நின்று பேசலாம் என்றுதான் அவர் நடந்தார். உங்கள் பையில் உங்கள் நாவலைத் தவிர வேறு என்ன இருக்கிறது, தம்பி?

எழுபது இலவசப் பிரதிகளுக்கு வருகிறேன். கேட்காதவருக்குப் புத்தகம் கொடுக்காதீர்கள். என் வீட்டில் அப்படி வந்த புத்தகங்கள் பிரிக்காத கவரோடு கிடக்கின்றன, அனுப்பியவர்கள் என் மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள். அந்த எழுபதில் பத்தை உங்கள் மாவட்டத்துக் கிளை நூலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணை வரும் என்று காத்திருக்க வேண்டாம், நேரில் போங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, 1948இல் வந்தது. நீங்களும் நானும் கட்டுகிற வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் போகிறது. அதற்கும் முன்னால், 1931இல், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போயிருக்கிறது. அதே வருஷம்தான் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பது அவற்றில் ஒன்று. எனக்கு இன்லேண்ட் எழுதிய பெண்ணிடம் என் நாவலைக் கொண்டுசேர்த்தது விமர்சகர் எவருமில்லை, ஒரு கிளை நூலகத்தின் தகர அலமாரி. பிறகொரு நாள் அந்த ஊர்ப் பக்கம் போனபோது நூலகத்தில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச் சீட்டில் ஊதா மையில் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தன. நடுவே ஒரு வருஷத்துக்கு ஒன்றுமே இல்லை, அப்புறம் மறுபடி அடுத்தடுத்து. யாரோ ஓரத்தில் பென்சிலால் தீப்பெட்டி ஆபீசு ஒன்றின் பெயரை எழுதி, 'இங்கேயும் இதே கதை' என்று குறித்திருந்தார்.

உங்கள் நாவல் தறிக்காரர்களைப் பற்றியது. தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் உள்ள நூலகங்களில் அது இருக்கிறதா? ஐந்து பேர் பேசிய விழாவில் தறி ஓட்டுகிறவர் ஒருவராவது இருந்தாரா? விடுமுறை நாளில் பத்துப் பேரை அந்த நூலகத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனத்தைப் பொறுக்கமுடியாமல் நீங்கள் எழுந்து விளக்க ஆரம்பித்துவிடாதீர்கள். யாராவது ஒருவர் கூலி உயர்வைப் பற்றியோ கரண்ட் கட்டைப் பற்றியோ ஆரம்பிப்பார். அப்படித்தான் ஆரம்பிக்கும்.

அந்த அம்மாவின் எண் உங்கள் போனில் இருக்கும். பகல் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். அமேசான் பேச்சை எடுக்காதீர்கள். அத்தையின் பெயர் என்ன என்று கேளுங்கள்.

ஸ்டாலில் நிற்பதா என்று கேட்டீர்கள். சென்னையில் ஜனவரியில் நிற்கலாம், ஈரோட்டில் ஆகஸ்டில் நிற்கலாம், இப்போது மாவட்டந்தோறும் நடக்கிறது. உங்கள் பதிப்பாளர் என்ன சொல்கிறாரோ அப்படிச் செய்யுங்கள். சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போகவேண்டும், அனுப்பியாயிற்றா என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் நாவலை நான் இன்னும் படிக்கவில்லை. பதிப்பகத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், நீங்கள் பிரதி அனுப்பவேண்டாம். படித்தபின் என் அபிப்பிராயத்தை இங்கே எழுதமாட்டேன், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்