கடலோரத்தில் கேசினோ வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்?

சுற்றுலா ஊர்களின் வரவு செலவைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். "நலிந்த கடலோர ஊருக்குக் கேசினோ கைகொடுக்குமா?" என்று சென்னை நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

எண்ணூர் வாசகர்: சார், எங்களுக்கு வந்ததெல்லாம் அனல்மின் நிலையச் சாம்பலும் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவும்தான். கேசினோ வந்தால் பிள்ளைகளுக்கு வேலையாவது கிடைக்காதா?

கிடைக்கும். அதில் சந்தேகம் வேண்டாம். எத்தனை நாளுக்கு, ஊரில் யாருக்கு என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியைப் பாருங்கள். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த கடற்கரை ஊர், பிறகு நொடித்துப்போனது. ஊரைத் தூக்கி நிறுத்தலாம் என்று 1976இல் அந்த ஊர் இருக்கும் நியூ ஜெர்சி மாநில மக்கள் வாக்களித்துக் கேசினோவை அனுமதித்தார்கள். 1978இல் முதல் கேசினோ திறந்தது. நியூயார்க், பிலடெல்பியாவிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. கேசினோ வருமானத்தில் 8 சதவீதம் வரியாகப் போய், மாநிலத்தின் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவியது. இதெல்லாம் உண்மையான பலன்.

ஆனால் பஸ்ஸில் வந்தவர் கேசினோ வாசலில் இறங்கி, உள்ளேயே சாப்பிட்டு, உள்ளேயே காசை விட்டு, அதே பஸ்ஸில் திரும்பினார். சாப்பாடும் அறையும் சலுகையாகவோ சும்மாவோ கிடைக்கும்போது எதிர்த்தெரு ஓட்டலுக்கு யார் போவார்கள்? ஊர்க்கடைகள் பல மூடின. இரண்டு தெரு தள்ளிப் போனால் பழைய வறுமை அப்படியே இருந்தது. அப்புறம் 2006 முதல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவும் கேசினோ திறக்கவே, கூட்டம் பிரிந்தது. 2014இல் மட்டும் 12 கேசினோக்களில் 4 மூடின. சுமார் 8,000 பேருக்கு வேலை போனது. 2016இல் நகராட்சியின் நிதி நிர்வாகத்தையே மாநில அரசு கையில் எடுத்தது.

ஆக, நான் பார்ப்பது இரண்டுதான். பணம் வெளியூரிலிருந்து வருகிறதா? வந்த பணம் கேசினோ கதவைத் தாண்டி வெளியே வருகிறதா?

ராயபுரம் வாசகர்: இங்கே சட்டம் அனுமதிக்குமா?

இன்றைக்கு இல்லை. 1930ஆம் வருடத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும், சென்னை நகருக்கு 1888ஆம் வருடக் காவல் சட்டமும் இருக்கின்றன. ஆனால் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் வருவதால், சட்டமன்றம் நினைத்தால் மாற்றலாம். கோவா அப்படித்தான் தன் சட்டத்தைத் திருத்தி, நட்சத்திர ஓட்டல்களிலும் கப்பல்களிலும் அனுமதித்தது. 2003இல் லாட்டரிச் சீட்டையும், பின்பு ஆன்லைன் சூதாட்டத்தையும் தடை செய்த மாநிலத்தில் எந்தக் கட்சி இதைத் தொடும்? எனக்குத் தோன்றவில்லை.

திருவொற்றியூர் வாசகி: அண்ணா, லாட்டரியில் குடும்பம் அழிந்ததை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். உள்ளூர் ஆட்களை உள்ளே விடாமல் தடுக்க முடியாதா?

ஓரளவு முடியும். 2010இல் இரண்டு கேசினோக்களைத் திறந்த சிங்கப்பூர், வெளிநாட்டவரை இலவசமாக விட்டு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் டாலர் நுழைவுக் கட்டணம் வைத்தது. 2019இல் அதை 150 ஆக்கியது. பையில் காசில்லாதவரை வாசலிலேயே நிறுத்துகிற ஏற்பாடு. வீட்டாரே விண்ணப்பித்து, ஆட்டத்தில் மூழ்கியவருக்குத் தடை வாங்கவும் வழியிருக்கிறது.

இந்தக் கட்டணம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள்; ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால் 35 மடங்கு, கட்டிய காசையும் சேர்த்தால் 36. இரண்டு குழி வித்தியாசம். கட்டுகிற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் சராசரியாக 5 ரூபாய் 26 காசு கேசினோவுக்குப் போகும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த 5 ரூபாய் மும்பைக்காரருடையது என்றால் ஊருக்கு வரவு. திருவொற்றியூர்க்காரருடையது என்றால், உங்கள் தெரு மளிகைக்கடைக்குப் போக வேண்டிய காசு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

பெசன்ட் நகர் வாசகர்: வேண்டும் என்று கேட்டும் கிடைக்காத ஊர் உண்டா?

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூல். பிரம்மாண்டக் கேசினோ ஒன்றுக்கு ஆசையோடு காத்திருந்தது. 2007இல் அரசு அமைத்த பரிந்துரைக் குழு மான்செஸ்டர் நகரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. ஒரே ஒரு கட்டடத்தை நம்பி உட்காராதீர்கள் என்பேன்.

காசிமேடு வாசகி: தம்பி, எங்க மீனை வாங்குவாங்களா?

அக்கா, இதுதான் சரியான கேள்வி. தானாக வாங்க மாட்டார்கள். பெரிய சமையலறைக்கு ஒரே அளவு மீன், தினமும் தவறாத எடை, ரசீது எல்லாம் வேண்டும். ஒப்பந்தக்காரர் மூலம்தான் எடுப்பார்கள். உரிமம் தரும்போதே "இவ்வளவு கொள்முதல் உள்ளூர் மீனவர் கூட்டுறவு சங்கத்தில்" என்று எழுதி வாங்கினால்தான் உண்டு. வலை காயப்போடும் மணலையும் படகு ஏற்றும் இடத்தையும் தொடக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். கடற்கரையில் நிலத்தின் விலை ஏறினால் முதலில் போவது அதுதான். ஐஸ் பெட்டி, தராசு, ரசீதுப் புத்தகத்தோடு சங்கமாகப் போய்க் கேட்க இப்போதே ஈ.சி.ஆர். ஓட்டல்கள் இருக்கின்றன. அதற்குக் கேசினோ வரும்வரை காத்திருக்க வேண்டாம், அக்கா.