சிப்பி தின்றதும் உதடு மரத்துப்போனால்...

கேள்வி: போன மாதம் வீட்டில் சிப்பி வாங்கி வறுத்தோம். சாப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் என் கணவருக்கு உதடும் நாக்கும் மரத்துப்போயின. ராத்திரி முழுக்க அப்படியே இருந்து, காலையில்தான் சரியானது. மஞ்சள், மிளகு போட்டு இன்னும் நன்றாக வேகவைத்திருந்தால் விஷம் முறிந்திருக்கும் என்கிறார் மாமியார். உண்மையா டாக்டர்?
- வாசகி, குளச்சல்

பதில்: கிருமியாக இருந்தால், நன்றாக வேகவைக்க வேண்டும் என்ற அளவில் உங்கள் மாமியார் சொல்வது சரி. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் இது பாசி நஞ்சாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். சாக்ஸிடாக்ஸின் என்ற அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, மஞ்சளுக்கும் மிளகுக்கும் முறியாது. தண்ணீரில் கரையும் என்பதால் வேகவைத்த சாற்றிலும் இறங்கிவிடும். அந்தச் சாற்றைக் குழந்தைக்குச் சத்து என்று கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சிப்பி, மணிக்கு லிட்டர் கணக்கில் கடல்நீரை வடிகட்டித் தின்னும் உயிர். சில சமயம் கடலில் நச்சுப் பாசி பெருகும். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர்தான் அது. அதைத் தின்கிற சிப்பிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. நஞ்சு அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். நிறம், மணம், ருசி எதிலும் மாற்றம் இருக்காது. பாசி பெருகினால் கடல் சிவந்து தெரியும் என்றும் கட்டாயமில்லை. 100 கிராம் சதையில் நஞ்சு 80 மைக்ரோகிராமைத் தாண்டினால் விற்கக் கூடாது என்பது பல நாடுகளின் வரம்பு. பரிசோதனைக் கூடத்தில்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1997-ல் கேரளக் கரையில் உள்ள விழிஞத்தில் சிப்பி தின்று 7 பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். 1981-ல் நம் தமிழ்நாட்டுக் கரையிலும் மட்டிச் சிப்பி தின்ற 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 3 பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

நான் இளம் மருத்துவனாக இருந்தபோது, சிப்பிக்கு முங்கும் ஒருவரை விடியற்காலையில் தூக்கிவந்தார்கள். முதல் நாள் மாலை வாய் மரத்ததும், ஒவ்வாமை என்று நினைத்து ஒவ்வாமை மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறார்கள். வந்தபோது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறியது, ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. மூச்சுத் தசைகள் தளர்ந்துகொண்டிருந்தன. மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காத்திருப்பதுதான் வழி. பிழைத்தார். பெரும்பாலும் முதல் 12 மணி நேரம், மிஞ்சினால் ஒரு நாள் தாண்டிவிட்டால் மீண்டுவிடுவார்கள்.

ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் தோல் தடிக்கும், அரிக்கும். இதில் உதடும் விரல் நுனியும் மரக்கும், மிதப்பது போல இருக்கும். உங்கள் கணவருக்கு அன்று நஞ்சு குறைவாகப் போயிருக்கும், அவ்வளவுதான். இனி அப்படி ஆனால் காலைவரை பார்க்காதீர்கள். மூச்சுக்கருவி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். மிச்சச் சிப்பியைக் கொட்டாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். அதே கூடையில் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.