பூஜ்ஜியத்தின் ஃபேக்டோரியல் ஏன் ஒன்று?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 5! என்றால் 5 × 4 × 3 × 2 × 1 = 120. இதுவரை எனக்கும் புரிகிறது. ஆனால் 0! = 1 என்று புத்தகத்தில் இருக்கிறது. "பூஜ்ஜியத்தால் பெருக்கினால் பூஜ்ஜியம்தானே வரணும்?" என்று கேட்டாள். "அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து மனசு கேட்கவில்லை. இதற்குக் காரணம் உண்டா? பெரிய எண்கள் வந்தால் எப்படிக் கணக்கிடுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

காரணம் உண்டு. அந்தக் கேள்வியை மகள் கேட்டதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஃபேக்டோரியலை, பாடநூல் சொல்லும் காரணீயப் பெருக்கத்தை, வெறும் பெருக்கலாகப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. இத்தனை பொருட்களை எத்தனை விதமாக வரிசையில் வைக்கலாம் என்பதற்கான விடைதான் அது. அ, ஆ, இ என்று மூன்று புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்துக்கு மூன்றில் எதுவும் வரலாம். அடுத்த இடத்துக்கு மீதி இரண்டில் ஒன்று. கடைசி இடத்துக்கு மிச்சமிருப்பது. 3 × 2 × 1 = 6. அஆஇ, அஇஆ, ஆஅஇ, ஆஇஅ, இஅஆ, இஆஅ. ஏழாவது வரிசையைத் தேடினாலும் கிடைக்காது. மகளோடு உட்கார்ந்து கையால் அடுக்கியே பாருங்கள்.

இப்போது ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டால் 2 விதம். இன்னொன்றையும் எடுத்தால் 1 விதம். கடைசியையும் எடுத்துவிட்டால்? காலி அலமாரி. அது இருக்கக்கூடிய விதம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றுதான் 0!.

இதில் திருப்தி வராவிட்டால் மேலிருந்து இறங்கி வாருங்கள். 4! = 24. அதை 4-ஆல் வகுத்தால் 3!, அதாவது 6. அதை 3-ஆல் வகுத்தால் 2! = 2. அதை 2-ஆல் வகுத்தால் 1! = 1. அதை 1-ஆல் வகுத்தால் 0!, அதுவும் 1. அதற்குக் கீழே இறங்கப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டும், முடியாது. அதனால்தான் குறை முழு எண்களுக்கு ஃபேக்டோரியல் இல்லை.

சரி, கணக்கிடுவது. பாதிக்கு மேல் கணக்குகளில் முழுசாகப் பெருக்கவே தேவையில்லை. 10!-ஐ 7!-ஆல் வகுக்கச் சொன்னால் 36,28,800-ஐ எழுதிக்கொண்டு 5,040-ஆல் வகுக்க உட்காராதீர்கள். 7-இலிருந்து கீழே எல்லாம் அடிபட்டுப் போகும். 10 × 9 × 8 = 720, முடிந்தது. (அந்த 36,28,800 விநாடிகள் சரியாக ஆறு வாரம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.)

20!-லேயே 19 இலக்கங்கள் வந்துவிடும். பல சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர்கள் 69! வரை காட்டிவிட்டு 70!-க்கு எரர் என்று சொல்லிவிடும், அது 1-க்குப் பின் நூறு பூஜ்ஜியம் போட்ட எண்ணையே தாண்டிவிடுவதால். 1808-இல் கிறிஸ்டியன் கிராம்ப் என்ற கணிதவியலாளர் இந்த ஆச்சரியக்குறியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பொருத்தமான குறி என்றுதான் நினைக்கிறேன்.

100!-க்கு 158 இலக்கங்கள். ஆனால் அதன் கடைசியில் எத்தனை பூஜ்ஜியம் என்பதைப் பெருக்காமலே சொல்லலாம். ஒரு 2-உம் ஒரு 5-உம் சேர்ந்தால் ஒரு பூஜ்ஜியம். 2-க்குப் பஞ்சமில்லை, 5-ஐ எண்ணினால் போதும். 100-க்குள் 5-இன் மடங்குகள் 20. அவற்றில் 25-இன் மடங்குகள் 4. அவை ஆளுக்கொரு 5 கூடுதலாகத் தரும். ஆக 24 பூஜ்ஜியம். மகளை 1000!-க்கு இதையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 249 வரவேண்டும். 248 வந்தால் 625-ஐ விட்டுவிட்டாள் என்று அர்த்தம்.