கிரேக்கக் கடலில் தனிப் படகில் அந்திப் பயணம்: கேள்வி பதில்

ஏதென்ஸ் பக்கம் வாடகைப் படகுகளுக்குப் பயணிகளை ஏற்பாடு செய்துகொடுப்பது என் தொழில். கோடை விடுமுறைக்கு வரத் திட்டமிடும் நம்மவர்கள் கேட்டவற்றில், எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். முன்கூட்டியே ஒன்று: வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் படகின் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். படகு எதுவானாலும் சமாளிக்கலாம். கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, அந்த மாதம் காற்று எப்படி, இந்த இரண்டையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அண்ணா, ஒரே ஒரு மாலைக்குத்தான் எங்கள் பட்ஜெட் இடம் கொடுக்கும். சான்டோரினியா, ஏதென்ஸ் அருகேயா?

என்னைக் கேட்டால் சூனியோ முனை. ஏதென்ஸிலிருந்து தென்கிழக்கே சாலை வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். கடலிலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையின் மேல், கி.மு. 440-களில் கட்டிய, கடல் தெய்வம் போசைடனின் கோயில் நிற்கிறது. வெள்ளைப் பளிங்குத் தூண்கள். முனைக்கு மேற்கே உள்ள சிறு விரிகுடாவில் படகு நங்கூரமிட்டால், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் சரோனிக் வளைகுடாவில் இறங்கும். அந்த வெளிச்சம் எதிரே தூண்களில் விழும். எல்லோரும் சூரியனையே பார்த்துக்கொண்டு படம் எடுப்பார்கள். நீங்கள் திரும்பி உட்காருங்கள். கறுப்புப் பாயோடு வந்த கப்பலைக் கண்டு, மகன் தீசியஸ் இறந்துவிட்டான் என்று நினைத்து ஏஜியஸ் மன்னன் கடலில் குதித்த இடம் இதுதான் என்பது பழங்கதை. ஏஜியன் கடலுக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான் என்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். நகரத்தை ஒட்டிய அலிமோஸ் மரீனாவிலிருந்து சூனியோவுக்கு 20 கடல் மைலுக்கு மேல். பாய்மரப் படகு மணிக்கு 6 கடல் மைல் போகும் என்று வையுங்கள், போவதற்கே நான்கு மணி நேரம் ஓடிவிடும். 'ஏதென்ஸ் சன்செட் குரூஸ், நான்கு மணி நேரம்' என்று விற்கிறவர்கள் வூலியாக்மெனி வரை போய்த் திரும்புகிறவர்கள். அதுவும் மோசமில்லை, ஆனால் அங்கே இந்தக் கோயில் இல்லை. கோயில் வேண்டுமென்றால் சூனியோவுக்கு அருகிலுள்ள லாவ்ரியோ பக்கத்திலிருந்து கிளம்பும் படகைப் பிடியுங்கள், அல்லது வேகப் படகு எடுங்கள்.

சான்டோரினி தீவு வேறு ரகம். சுமார் 3600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய்க்குள் கடல் புகுந்த இடம் அது. உள்ளே சில இடங்களில் ஆழம் 400 மீட்டரை நெருங்கும் என்பதால் நங்கூரம் போட வழியில்லை. படகுகள் இயந்திரத்தை அணைத்துவிட்டு மிதந்துகொண்டிருக்கும். அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஜூலையில் இயா ஊருக்குக் கீழே உங்களைச் சுற்றி வரிசையாகப் படகுகள் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு ஓடும். தீவின் தலைநகரான ஃபீராவுக்கு நேர் கீழே நின்றால் கோடையில் சூரியன் கடலில் இறங்குவதற்குள் திராசியா தீவு மறைத்துவிடும். அதனால்தான் கேப்டன்கள் எல்லோரும் இயாவின் முனைக்கோ, தெற்கே அக்ரோத்திரி கலங்கரை விளக்கத்துக்கோ போகிறார்கள். கூட்டம் பிடிக்காதென்றால் கலங்கரை விளக்கப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வருகிறோம். காற்று அடித்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

இதுதான் சரியான கேள்வி. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று அடிக்கும். மேகம் இருக்காது, மழை இருக்காது, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு 'இதற்குப் போயா பயணத்தை ரத்து செய்வார்கள்' என்று தோன்றும். வெளியே கடல் வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருக்கும். சில நாட்கள் விடாமல் அடிக்கும், பிற்பகலில்தான் உச்சம். உங்கள் அந்திப் பயணம் கிளம்பும் நேரமும் அதுதான்.

காற்று ஓர் அளவைத் தாண்டினால் துறைமுக அதிகாரிகள் தடை போடுவார்கள். சிறிய பயணிகள் படகுகளுக்குப் பொதுவாகக் காற்றின் வேகத்தைக் குறிக்கும் போபோர்ட் அளவில் 6 வாக்கில், அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் சுற்றி, தடை வந்துவிடும். தடை வந்தால் முழுப் பணமும் திரும்ப வரும், அல்லது வேறு நாள் தருவார்கள். பிரச்சினை போபோர்ட் 5-ல்தான். தடை கிடையாது, படகு கிளம்பும், உங்களுக்கு வயிறு கலங்கும். 'நாங்கள் வரவில்லை' என்றால் பணமும் போய்விடும். எனவே பணம் கட்டுமுன், தடையில்லாத ஆனால் காற்றுள்ள நாளில் தேதியை மாற்றித் தருவார்களா, பாதை மாற்றி ஒதுக்குப்புறமான விரிகுடாவுக்குப் போவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், படகுப் பயணத்தைச் சுற்றுலாவின் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாட்களில் வைத்தால் தள்ளிப்போட இடமிருக்கும்.

தேதியை மாற்ற முடியுமானால் ஜூன் அல்லது செப்டம்பர். செப்டம்பரில் கோடைச் சூடு முழுக்கத் தண்ணீரில் தங்கியிருக்கும், குளிக்க இதம். மே மாதத் தண்ணீர் நமக்கு நடுக்கும்.

ரோட்ஸ் தீவில் லிந்தோஸில் ஹோட்டல் போட்டாகிவிட்டது. அங்கேயே சன்செட் படகு இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் லிந்தோஸ் தீவின் கிழக்குக் கரை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். கடலில் விழுவதை நீங்கள் பார்க்கப்போவதில்லை. அந்தக் கரை கோடைக் காற்றுக்கு ஒதுக்கம் என்பதால் தண்ணீர் அமைதியாக இருக்கும், ஊரின் பழங்காலக் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் மேலே பொன்னிறமாகத் தெரியும். அது போதுமென்றால் தாராளமாகப் போங்கள். மேற்கே அயோனியன் கடலிலுள்ள லெஃப்காடா தீவிலும் இதே கதைதான்: படகுகள் அதிகம் கிளம்பும் நித்ரி கிழக்கே, போர்ட்டோ காட்சிகி போன்ற பேர்போன வெள்ளைப் பாறைக் கரைகள் மேற்கே. மாலையில் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்காமல் சீட்டு வாங்கக் கூடாது. அயோனியன் கடலில் ஒரு நன்மை உண்டு. அங்கே பிற்பகலில் எழும் வடமேற்குக் காற்று பெரும்பாலும் பொழுது சாயும்போது அடங்கிவிடும்.

'செமி பிரைவேட்' என்று போட்டிருக்கிறார்கள். தனிப் படகுதானே அது?

இல்லை. கொஞ்சம் குறைவான கூட்டம், அவ்வளவுதான். முன்பின் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேரோடு போவீர்கள், சில நேரம் அதற்கும் மேல். சான்டோரினியில் அப்படிப்பட்ட கேட்டமரான் (இரட்டை அடிப்பாகமுள்ள அகலமான படகு) பயணத்துக்கு ஆளுக்கு 100 யூரோவுக்கு மேல் ஆகும். முழுப் படகும் உங்களுக்கே என்றால் பல நூறு யூரோவில் தொடங்கி, பெரிய படகுக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே இரண்டு பேர் தனிப் படகு எடுப்பது ஆடம்பரம். எட்டுப் பேர் உள்ள குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே செலவு. எரிபொருள், வரி, ஹோட்டலிலிருந்து வண்டி, இவை விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். வேகப் படகில் எரிபொருளைத் தனியாக வாங்குவது சகஜம், அந்தத் தொகை சில நேரம் வாடகையைப் பார்த்துச் சிரிக்கும்.

எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்லலாம்?

கடிகாரத்தை விடுங்கள், சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏதென்ஸில் ஜூன் கடைசியில் மறைவது இரவு 8.50 வாக்கில். செப்டம்பர் நடுவில் 7.35, அக்டோபர் நடுவில் 6.50. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள், அதன்பின் ஐந்தரைக்கே முடிந்துவிடும். ஒழுங்கான ஆட்கள் மாதத்துக்கு மாதம் கிளம்பும் நேரத்தை மாற்றுவார்கள்.

இதைவிட முக்கியம் திரும்பும் நேரம். சூரியன் தண்ணீரைத் தொட்டதுமே இயந்திரத்தைப் போட்டுத் திருப்புகிற கேப்டன்கள் உண்டு. வானம் நிறம் மாறுவது அதற்கு அப்புறம் வரும் இருபது, முப்பது நிமிடத்தில்தான். 'மறைந்து அரைமணி கழித்தே திரும்புவோம்' என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. ஏற முடியுமா?

படகுக்குள் உட்கார்ந்துவிட்டால் அம்மாவுக்குச் சிரமம் இல்லை, ஏறுவதுதான் பாடு. இங்கே படகுகளைப் பின்பக்கம் கரையைப் பார்க்கும்படி கட்டுவார்கள். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு குறுகலான பலகை. கைப்பிடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டமரான் எடுங்கள். அகலம், ஆட்டம் குறைவு, பின்பக்கப் படிகளும் தாழ்வு. எங்கிருந்து ஏறுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். சான்டோரினியில் இயாவுக்குக் கீழே உள்ள அமூடி துறைக்கு ஊரிலிருந்து நடந்து இறங்கினால் இருநூறுக்கு மேல் படிகள். காரில் கீழேயே போய்விடலாம். விலிகாடா மரீனாவிலிருந்து கிளம்பும் படகு உங்களுக்கு இன்னும் வசதி. கழுதை சவாரி வேண்டாம், அம்மாவுக்கும் ஆகாது, கழுதைக்கும் ஆகாது.

சுத்த சைவம் நாங்கள். படகில் என்ன கிடைக்கும்?

பயப்படாதீர்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மரபில் ஆண்டில் பல நாட்கள் நோன்பு; இறைச்சி, முட்டை, பால் இல்லாத சமையல் இவர்களுக்கு அத்துப்படி. அரிசி வைத்துச் சுட்ட தக்காளி, குடைமிளகாய், திராட்சை இலைச் சுருள், தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ், சான்டோரினியின் மஞ்சள் பருப்பு மசியல். கடைசியாகச் சொன்னது நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி; எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 'நோன்புச் சாப்பாடு' என்று மட்டும் சொன்னால் இறாலும் கணவாயும் வரலாம், நோன்பில் அவற்றுக்குத் தடையில்லை. 'மீன், இறால், கணவாய் எதுவும் கூடாது' என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பெரும்பாலும் படகிலேயே கிரில் போடுவார்கள். உங்கள் காய்கறிக்குத் தனிக் கம்பியோ தட்டோ வைக்கச் சொல்லுங்கள்.

நீச்சல் தெரியாது. வெந்நீர் ஊற்றில் இறங்கலாமா?

சான்டோரினி எரிமலை வாய்க்குள் இருக்கும் பலேயா கமேனி தீவின் ஊற்றைச் சொல்கிறீர்கள். படகு ஊற்றுக்குப் பக்கத்தில் போகாது. தள்ளி நிற்கும், அங்கிருந்து ஆழமான, குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் போக வேண்டும். போய்ச் சேர்ந்தால் இருப்பது வெதுவெதுப்பு, அவ்வளவே. இரும்புச் சத்தால் தண்ணீர் துருநிறம், வெள்ளை உடை போட்டால் கறை போகாது. நீச்சல் தெரிந்தவர்களுக்கே நான் பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை. நீங்கள் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மணல் அடியுள்ள விரிகுடாவில் படகின் ஏணியைப் பிடித்தபடி இறங்குங்கள். குழந்தைகள் இருந்தால் அவர்கள் அளவுக்குச் சட்டை உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.

உரிமம் இல்லாமலே படகு வாடகைக்குக் கிடைக்குமாமே, நாமே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாமா தோழரே?

30 குதிரைத்திறன் வரையுள்ள சிறு படகுகளை உரிமம் இல்லாமல் தருவார்கள், உண்மைதான். ஆனால் பகல் நேரத்துக்குத்தான், பொழுது இறங்குமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்திக்கு கேப்டனோடுதான்.

அதோஸ் மலை மடங்களைப் படகிலிருந்து பார்க்க ஆசை. மனைவியும் வரலாமா?

வட கிரேக்கத்தில் ஆண் துறவிகளின் மடங்கள் உள்ள தீபகற்பம் அது, அந்த மண்ணில் பெண்கள் கால் வைக்க முடியாது. கடலிலிருந்து பார்க்கலாம், பெண்கள் இருக்கும் படகு கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளியே போக வேண்டும். ஊரானூபோலியிலிருந்து கிளம்புங்கள். தீபகற்பத்தின் தென்மேற்குக் கரை மாலை வெயிலை நேராக வாங்கும். பாறை உச்சியில் தொங்குகிற மாதிரி நிற்கும் சிமோனோபெத்ரா மடத்தை அந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பைனாகுலர் கட்டாயம். கிரேக்கத்தில் உரிய அளவுக்குப் பேசப்படாத அந்திப் பயணம் இதுதான் என்பேன்.

வாந்தி வரும் எனக்கு.

மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், பெரும்பாலானவை தூக்கம் வரவைக்கும், அதன் மேல் ஒயின் குடிக்கக் கூடாது. படகில் பின்பக்கமாக, நடுவில் உட்காருங்கள், அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். கீழே அறைக்குள் போய்ப் படுத்தால் தீர்ந்தது கதை.

பௌர்ணமி அன்று போனால் விசேஷமா?

நிச்சயமாக. சூரியன் மேற்கே இறங்கும் நேரத்தை ஒட்டியே நிலா கிழக்கே எழும். சூனியோ போன்ற முனையில் இரண்டுக்கும் திறந்த கடல் இருக்கிறது. ஆகஸ்ட் பௌர்ணமி இரவில் நாட்டின் பல தொல்லியல் தலங்களை மக்களுக்காகத் திறந்துவைப்பார்கள், அன்று படகுகளுக்கும் போட்டி அதிகம்.

படகில் வைத்து அவளிடம் கல்யாணத்துக்குக் கேட்கப்போகிறேன். ஏதாவது யோசனை?

வாழ்த்துகள் தம்பி. கேப்டனிடம் முன்பே சொல்லிவை, படகு நின்றபின் கேள், ஓடும் படகில் முழங்காலிடாதே. மோதிரத்தைப் படகின் ஓரத்தில் நின்று திறக்காதே. சான்டோரினியில் கடல் எவ்வளவு ஆழம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

டிப்ஸ் எவ்வளவு? வேறு ஏதாவது நடைமுறை உண்டா?

கட்டாயமில்லை. திருப்தி என்றால் வாடகையில் பத்து சதவீதம் வரை, ரொக்கமாக, கேப்டன் கையில். படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிடுங்கள். ஜூலையானாலும் திரும்பும்போது குளிரும், ஒரு மெல்லிய ஜாக்கெட் வேண்டும். கழிப்பறைக் குழாய் குறுகலானது, காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும், பக்கத்திலுள்ள தொட்டியில்தான் போட வேண்டும். குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள்.