பந்திக்கு முந்திய கமாண்டோ

கேள்வி: ஒரு வீடியோவில் பார்த்தேன். முசோலினியை மலை உச்சியிலிருந்து ஒற்றை ஆளாக மீட்டு வந்த ஜெர்மன் படை அதிகாரி ஓட்டோ ஸ்கோர்செனி போல இன்னொரு கமாண்டோ உண்டா? எதிரிகளே அவரை ‘ஐரோப்பாவின் மிக ஆபத்தான மனிதர்’ என்று ஒப்புக்கொண்டார்களே?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: ‘ஒற்றை ஆளாக’ என்பதை முதலில் அடித்துவிடுங்கள்.

1943 செப்டம்பர் 12. இத்தாலியின் கிரான் சாசோ மலையில், 2,000 மீட்டருக்கு மேலே ஒரு ஹோட்டலில், பதவி பறிக்கப்பட்ட சர்வாதிகாரி முசோலினியை இத்தாலிய அரசே அடைத்து வைத்திருந்தது. மீட்கச் சொன்னவர் ஜெர்மன் பாராசூட் படைத் தலைவர் ஜெனரல் குர்ட் ஸ்டூடன்ட். திட்டம் போட்டவர் அதே படையின் மேஜர் ஹரால்ட் மோர்ஸ். கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானங்களில் போய் இறங்கியவர்களில் பெரும்பாலோர் அவருடைய படையினர், ஸ்கோர்செனியின் எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) ஆட்கள் இருபது பேர்கூட இல்லை. மோர்ஸ் அந்த நேரத்தில் அடிவாரத்து ரோப்கார் நிலையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் மேலே எடுத்த முதல் படங்களில் அவர் இல்லை. பாவம், வேலை பார்க்கிறவனுக்கு எப்போதும் இதுதான் கதி.

ஹோட்டலில் சண்டையும் நடக்கவில்லை. நான்கு நாள் முன்புதான் இத்தாலி நேச நாடுகளோடு போர்நிறுத்தம் அறிவித்திருந்தது. யாருக்காக யாரைச் சுடுவது என்று காவலர்களுக்கே தெரியவில்லை. போதாததற்கு, சொலேட்டி என்ற இத்தாலிய ஜெனரலையும் கிளைடரில் கூட்டி வந்து முன்னால் நிறுத்தினார்கள். கீழே, அடிவாரத்தில் மட்டும் இரண்டு இத்தாலியர்கள் கொல்லப்பட்டார்கள். நீங்கள் பார்த்த வீடியோவில் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

ஸ்கோர்செனி சும்மா இருந்தார் என்று சொல்லவில்லை. முசோலினியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வாரக்கணக்கில் தேடியதில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த அலைச்சலில் ஒருமுறை அவர் போன விமானம் சார்டினியா பக்கம் கடலில் விழுந்து, பிழைத்து வந்தார். ஹோட்டல் வாசலில் முதலில் இறங்கியதும் அவருடைய கிளைடர்தான். ஆகவே ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்ற பழமொழியில் பாதியை அவருக்குத் தள்ளுபடி செய்துவிடலாம். மறுபாதி அப்படியே பொருந்தும்.

எப்படி என்கிறீர்களா? முசோலினியை அழைத்துப் போக வந்தது ஸ்டோர்ச் என்ற குட்டி விமானம். விமானி கெர்லாக் இன்னொரு ஆளை ஏற்ற முடியாது என்று மன்றாடிப் பார்த்தார். ஆறடி நான்கு அங்குல ஸ்கோர்செனி விடாப்பிடியாக உள்ளே திணித்துக்கொண்டார். பாரம் தாங்காத விமானம் பாறைச் சரிவில் ஓடி, ஒரு சக்கரம் அடிபட்டு, பள்ளத்தில் குப்புறப் பாய்ந்து, கடைசி நொடியில் நிமிர்ந்தது. காப்பாற்றப் போனவரே ஆளைக் கொன்றிருப்பார்! ஆனால் முசோலினியோடு போய் இறங்குகிறவர்தானே மீட்டவர்? கணக்கு சரியாகவே வேலை செய்தது. நைட்ஸ் கிராஸ் பதக்கமும் பதவி உயர்வும் வந்தன. அந்த ஆண்டு ஸ்டாலின்கிராடிலும் துனிசியாவிலும் அடி வாங்கியிருந்த ஜெர்மனியில், பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு ஒரு கதாநாயகன் தேவைப்பட்டான். கன்னத்தில் வாள் தழும்போடு ஒருவர் தயாராக நின்றார். தழும்பும் போரில் வந்ததல்ல, கல்லூரி நாளில் போட்ட வாள் சண்டையில் வந்தது.

அப்புறம் அந்த ‘ஆபத்தான மனிதர்’ பட்டம். 1944 டிசம்பரில் பெல்ஜியம் பக்கம் ஆர்டென் காட்டில் ஜெர்மனி தாக்கியபோது, அமெரிக்கச் சீருடையில் ஆட்களை ஊடுருவ விடும் பொறுப்பு இவருடையது. அமெரிக்கப் பேச்சுவழக்கு சரளமாக வரக்கூடியவர்கள் பத்துப் பேர் அளவில்தான் தேறினார்கள். ஜெர்மன் டாங்கிகளுக்குத் தகடு அடித்து அமெரிக்க வேஷம் போட்டார்கள். இரவில், வெகு தூரத்தில் பார்க்கும் கற்றுக்குட்டிச் சிப்பாய்தான் அதில் ஏமாறுவான் என்று பிற்பாடு அவரே சொன்னார். மால்மெடி என்ற பெல்ஜிய ஊரில் அவருடைய படை தாக்கித் தோற்றது. ஆனால் பிடிபட்ட ஒருவன், நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரைப் பிடிக்கத் திட்டம் என்று உளறிவைக்க, அமெரிக்கர்கள் தங்கள் தளபதியையே பாரிஸ் அருகே வெர்சாயில் காவலுக்குள் பூட்டி வைத்தார்கள். அமெரிக்க ஜெனரல் பிராட்லியை ஒரு காவலாள் மறித்து, வேஷம் போட்ட ஜெர்மானியரா என்று சோதிக்க, இலினாய் மாநிலத் தலைநகர் எது என்று கேட்டான். அவர் ஸ்பிரிங்ஃபீல்ட் என்று சரியாகச் சொல்ல, காவலாள் சிகாகோ என்று அடம்பிடித்தான். இதில் ஸ்கோர்செனியின் சாமர்த்தியம் எவ்வளவு, அமெரிக்கர்களின் பதற்றம் எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். அப்படிப் பயந்தவர்கள் கொடுத்த பட்டம் அது.

சரி, சொன்னதைச் சொன்னபடி செய்துகாட்டிய இடமே இல்லையா? உண்டு. புடாபெஸ்ட், 1944 அக்டோபர். ஹங்கேரியின் ஆட்சித்தலைவர் ஹோர்த்தி போரிலிருந்து விலக முயன்றார். ஸ்கோர்செனியின் ஆட்கள் அவருடைய மகனைக் கடத்திக் கம்பளத்தில் சுருட்டித் தூக்கிப் போனார்கள். மறுநாள் காலை கோட்டை மலையை அதிகச் சேதமில்லாமல் பிடித்தார் ஸ்கோர்செனி. ஹோர்த்தி பதவி விலகினார். துணிச்சல், வேகம், திட்டம் எல்லாம் கச்சிதம். ஹோர்த்தியின் இடத்துக்கு வந்தது சலாசியின் அம்புச் சிலுவைக் கட்சி, ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சி. அந்தக் குளிர்காலத்தில் அதன் ஆட்கள் யூதர்களை டான்யூப் கரையில் வரிசையாக நிறுத்தி, காலணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு ஆற்றுக்குள் சுட்டுத் தள்ளினார்கள். இன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குச் சற்றுத் தள்ளி, அதே கரையில், இரும்பில் வார்த்த 60 ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. குழந்தைகளுடையதும் உண்டு.