ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ‘ஷெங் லாங்’ என்றொரு ரகசிய வீரர் இருப்பதாக ஒரு கேம் இதழ் எழுதியதாமே, உண்மையா?

இதழ் எழுதியது உண்மை. அப்படியொரு வீரர் அந்த விளையாட்டில் இருந்தார் என்பது பொய். எழுதியது ‘எலெக்ட்ரானிக் கேமிங் மன்த்லி’ என்ற அமெரிக்க மாத இதழ்; எழுதிய மாதம் 1992 ஏப்ரல். மாதத்தின் பெயரைக் கேட்டதுமே விஷயம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். எனக்குப் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. மும்பையில் என் கைக்கு வந்து சேர்ந்த பிரதிக்கு அட்டையே இல்லாததுதான் அதற்கு முதற்காரணம்.

கதை இதழில் தொடங்கவில்லை, ஒரு மொழிபெயர்ப்புப் பிழையில் தொடங்குகிறது. கேப்காம் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ விளையாட்டில், ஒவ்வொரு சண்டை முடிந்ததும் தோற்றவரின் வீங்கிய முகமும் வென்றவரின் முகமும் திரையில் வரும்; கீழே வென்றவர் ஒரு வீர வசனம் பேசுவார். ரியூ என்ற வெள்ளுடை வீரன் ஜப்பானிய மூலத்தில் சொல்வது, தன் ஷோர்யூகெனை முறியடிக்காத வரை உனக்கு வெற்றி இல்லை என்பது. ஷோர்யூகென் என்பது அவன் கீழிருந்து மேலெழும்பி விடும் குத்தின் பெயர். ‘எழும் டிராகனின் முட்டி’ என்று பொருள். அதே எழுத்துகளைச் சீன முறையிலும் படிக்கலாம் என்பதால், முதல் இரண்டு எழுத்துகள் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஷெங் லாங்’ ஆகிவிட்டன. ‘ஷெங் லாங்கைத் தோற்கடித்தால்தான் உனக்கு வாய்ப்பு’ என்று வசனம் மாறிவிட்டது. நாகாஸ்திரத்தை முறியடிக்காமல் என்னை வெல்ல முடியாது என்று கர்ணன் சொல்வதை, நாகராஜன் என்ற ஆசாமியை முதலில் அடித்துவிட்டு வா என்று பெயர்த்ததற்கு ஒப்பானது இது. அதோடும் நிற்கவில்லை: பின்னர் சூப்பர் நிண்டெண்டோ என்ற வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வந்த பதிப்பின் அமெரிக்கக் கையேட்டிலேயே ரியூவுக்கும் சக வீரன் கென்னுக்கும் குரு ஷெங் லாங் என்று அச்சிட்டுவிட்டார்கள். ஒரு குத்து ஆளாகி, அந்த ஆள் ஆசானும் ஆகிவிட்டார்.

இப்போது இதழுக்கு வருகிறேன். இ.ஜி.எம். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட இந்த இதழை ஸ்டீவ் ஹாரிஸ் என்பவர் தொடங்கினார். 1989 முதல் தொடர்ந்து வெளிவந்தது. நிண்டெண்டோ நிறுவனமே நடத்திய இதழைப் போல இது எந்த நிறுவனத்தின் வீட்டுப் பத்திரிகையும் அல்ல. நான்கு விமர்சகர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். நால்வரும் முரண்பட்டால் அந்த முரண்பாடு அப்படியே அச்சாகும். ‘குவார்ட்டர்மேன்’ என்ற புனைபெயரில் ஒரு வதந்திப் பக்கம் இருந்தது. அதில் பாதி பலிக்கும், பாதி பலிக்காது. அவற்றோடு, வாசகர்கள் முதலில் புரட்டும் ரகசியக் குறிப்புகளின் பக்கங்களும் இருந்தன: எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்தினால் எந்தக் கதவு திறக்கும் என்பதைச் சமையல் குறிப்பின் தொனியில் சொல்பவை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அந்த இதழுக்குக் கிடைத்த பெரும் புதையல். பந்தயக் கார் விளையாட்டைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத எதுவும் இராது. இங்கோ எட்டு வீரர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுட்பங்கள், கடைசியில் மோத வேண்டிய நான்கு தலைவர்கள், இவர் அவரோடு மோதினால் என்ன ஆகும் என்ற கணக்குகள். சூப்பர் நிண்டெண்டோ பதிப்பையே 1992-இன் சிறந்த விளையாட்டாகவும் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

ஏப்ரல் இதழின் குறிப்புப் பக்கத்தில் வந்தது இதுதான். ரியூவைத் தேர்ந்தெடுத்து, ஓர் அடிகூட வாங்காமல் கடைசித் தலைவர் எம். பைசன் வரை போக வேண்டும். பைசனோடு மோதும்போது அவரை அடிக்கவும் கூடாது, அவரிடம் அடி வாங்கவும் கூடாது. நேரம் முடிந்து சுற்று சமனாக வேண்டும். இப்படிப் பத்துச் சுற்றுகள். அப்போது ஷெங் லாங் திரைக்குள் வந்து பைசனை ஒழித்துவிட்டு உங்களோடு மோதுவார். கூடவே ஸ்க்ரீன்ஷாட்களும் இருந்தன. அவை இதழ்க்காரர்களே திருத்திச் செய்தவை.

பொய்யின் வேலைப்பாட்டைக் கவனியுங்கள். எளிதான நிபந்தனை சொல்லியிருந்தால் அன்று மாலையே ஒருவர் செய்து பார்த்து, இல்லை என்று சொல்லியிருப்பார். இந்த நிபந்தனையோ யாராலும் முடியாதது. எனவே தோற்றவர் இதழைச் சந்தேகிக்க மாட்டார், தன் விரல்களைத்தான் நொந்துகொள்வார். மேலும், வீட்டுப் பதிப்பு அப்போது வந்திருக்கவில்லை. எல்லாரும் ஆடியது காசு போடும் பெரிய இயந்திரங்களில். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு நாணயம் செலவு.

எங்கள் நாணயங்கள் செலவானது தாராவியில். 1995 வாக்கில் எனக்குப் பதின்மூன்று வயது, வீடு மாட்டுங்காவில். தொண்ணூறு அடிச் சாலைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கேம் பார்லர் வைத்திருந்தார்; மூன்று இயந்திரங்கள், ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். என் அத்தை மகன், என்னைவிட நான்கு வயது மூத்தவர், அந்தக் கடையில் பெயர்பெற்ற ஆட்டக்காரர். ரியூ கையிலிருந்து வீசும் பந்தான ‘ஹடோகென்’ எங்களுக்கு ‘ஆடூகன்’. ‘ஷோர்யூகென்’ எங்களுக்கு ‘ஓரியூகன்’. அந்த ஓரியூகனும் ஷெங் லாங்கும் ஒரே எழுத்துகள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் இந்தப் பதிலை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது.

இதழ் கிடைத்தது கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில். அங்கே இருந்த பழைய புத்தகக் கடைகளில் பாடநூல்களுக்கு அடியில் வெளிநாட்டு இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பெரும்பாலானவற்றுக்கு முன்னட்டை இராது. அமெரிக்காவில் விற்காமல் தங்கிய இதழ்களின் அட்டையை மட்டும் கிழித்துத் திருப்பி அனுப்பிக் கணக்குத் தீர்ப்பது கடைக்காரர்களின் வழக்கம் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். மிச்சம் கழிவுத்தாள், மும்பை வழக்கில் ரத்தி. நான் பதினைந்து ரூபாய் கொடுத்து வாங்கியதும் அப்படியொன்று. ஏப்ரல் என்ற சொல் அட்டையோடு போய்விட்டது. உள்ளே எங்காவது ஓரத்தில் மாதம் இருந்திருக்கலாம், நாங்கள் தேடவில்லை. தேடியிருந்தாலும் பயனில்லை என்றுதான் நினைக்கிறேன்: மூன்றாண்டு பழைய ஏப்ரலை யார் முட்டாள்கள் தினத்தோடு முடிச்சுப் போடுவார்கள்?

எங்களை நம்பவைத்ததில் இயந்திரத்துக்கும் பங்கு உண்டு. ரியூ ஒவ்வொரு முறை வெல்லும்போதும் திரையிலேயே ஷெங் லாங் பெயர் வந்துகொண்டிருந்தது. இதழ் அதற்கு விளக்கம்தான் சொன்னது, புதிதாக எதையும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, பக்கத்து இயந்திரத்தில் ‘ரெயின்போ’ என்ற திருட்டுப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதில் சண்டையின் நடுவிலேயே வேறு வீரராக மாறலாம், வானத்தில் நின்றபடி நெருப்புப் பந்து வீசலாம், வீசிய பந்து எதிராளியைத் துரத்திக்கொண்டே போகும். அதைப் பார்த்த கண்ணுக்கு, ஒளிந்திருக்கும் குரு ஒருவர் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. (அந்தத் திருட்டுப் பதிப்புகளுக்கு விடையாகத்தான் கேப்காம் 1992 இறுதியில் வேகம் கூட்டிய ‘ஹைப்பர் ஃபைட்டிங்’ பதிப்பைக் கொண்டுவந்தது என்பது தனிக் கதை.)

அடி வாங்காமல் பைசன் வரை போவது நடக்காது என்று இரண்டே நாளில் தெரிந்தது. எனவே அந்த நிபந்தனையை நாங்களே தளர்த்திக்கொண்டு, பைசனிடம் மட்டும் அடி வாங்காமல் இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கைகளை உயர்த்தித் தடுத்தாலும் சிறப்பு அடிகள் உயிர்க்கோட்டில் ஒரு துளி தின்றுவிடும். பைசன் தீப்பிழம்பாகச் சுழன்று வரும் ‘சைக்கோ க்ரஷர்’ அத்தகையது. எனவே தடுக்க முடியாது, தாண்டத்தான் வேண்டும். ஒரு சனிக்கிழமை அத்தான் மூலைக்கு மூலை குதித்துக்கொண்டே இருந்தார். கடிகாரம் 99-இலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. பின்னால் பத்துப் பதினைந்து பையன்கள் மூச்சுவிடாமல் நின்றார்கள். பதினான்கில் இருந்தபோது பைசன் வந்து உரசிவிட்டார். கூட்டம் முழுவதும் ‘ச்சே’ என்ற அந்த நொடியில் கடைக்காரர் அண்ணாச்சி எழுந்து வந்து, “ஏலே, ஒத்த ரூவாய வச்சு இங்கேயே குடித்தனம் நடத்திருவிய போலிருக்கே” என்றார். அடுத்த வாரம், சண்டை போடாமல் நிற்பவர்களுக்கு இடமில்லை என்று இயந்திரத்தில் காகிதம் ஒட்டப்பட்டது.

ஒரு தடயம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. குறிப்பை அனுப்பியவர் என்று ‘டபிள்யூ. ஏ. ஸ்டோக்ஸ், ஃபுல்டிஜன், எச்.ஏ.’ என அச்சிட்டிருந்தார்கள். அமெரிக்க முகவரிகளில் ஊருக்குப் பின்னால் மாநிலத்தின் பெயர் இரண்டு எழுத்தில் வரும் என்பது அத்தானுக்குத் தெரியும், எச்.ஏ. என்றால் ஹவாய் என்று தீர்மானித்து, பள்ளி அட்லஸில் ஹவாய்த் தீவுகளில் ஃபுல்டிஜன் என்ற ஊரை இருவரும் தேடினோம். உண்மையில் எச்.ஏ. என்று எந்த மாநிலமும் இல்லை. ஊரையும் மாநிலத்தையும் சேர்த்து அமெரிக்க உச்சரிப்பில் சத்தமாகப் படித்தால் ‘ஃபூல்ட் அகெய்ன், ஹா’, அதாவது ‘மறுபடியும் ஏமாந்தாயா, ஹா!’ காதால் பிடிக்க வேண்டியதைக் கண்ணால் படித்தவர்களுக்கு அது ஊர்ப்பெயராகவே இருந்துவிட்டது.

அந்த இதழ் தான் செய்த கேலியை 1992 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதற்குள் மற்ற இதழ்கள் பல, சோதித்துப் பார்க்காமல், அதைத் தங்கள் கண்டுபிடிப்பு போல அச்சிட்டுவிட்டன. என் மனத்தாங்கல் கேலியின் மேல் அல்ல. அது நன்றாகச் செய்யப்பட்ட கேலி. ஆனால் பக்கத்துக்கு மேல் பக்கமாகச் சரியான குறிப்புகளைக் கொடுத்துச் சேர்த்த நம்பிக்கையைச் செலவழித்து அந்தக் கேலியை நடத்திவிட்டு, எட்டு மாதம் வாய்மூடி இருந்தது மிகை. மே மாதமே சொல்லியிருக்கலாம். டிசம்பர் இதழ் கிங்ஸ் சர்க்கிளுக்கு வரவே இல்லை. போதாதென்று 1997-இல், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இலும் ஷெங் லாங் இருப்பதாக ஏப்ரலில் இன்னொரு முறை எழுதினார்கள்.

ஆயினும் பத்திரிகை எழுதிய பொய் விளையாட்டுக்குள் புகுந்தது எப்படி என்பதுதான் எனக்கு இன்றும் சுவையான பகுதி. 1994-இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ’வில் அகுமா என்ற ரகசிய வீரர் இருந்தார். கடினமான சில நிபந்தனைகளை நிறைவேற்றிக் கடைசிச் சண்டைக்குப் போனால், பைசன் தயாராகி நிற்கும் வேளையில் அகுமா பாய்ந்து வந்து அவரை ஒரே பிடியில் முடித்துவிட்டு உங்கள் முன் நிற்பார். இ.ஜி.எம். இரண்டாண்டுகளுக்கு முன் எழுதிய காட்சியோடு இதை ஒட்டிப் பார்த்தால் வேறுபாடு ஆள்பெயரில்தான். உண்மையான குருவுக்குத் தொடரின் கதையில் கோகென் என்று பெயர் வைத்தார்கள். அகுமா அவருடைய தம்பி. அந்தக் கோகென் 2008-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இன் கடை இயந்திரங்களில் மறைந்திருக்கும் எதிரியாக வந்தார். நாமே தேர்ந்தெடுத்து ஆடும் வீரராக வீட்டுப் பதிப்பில் 2009 பிப்ரவரியில் வந்தார். இ.ஜி.எம். இதழை நிறுத்துவதாக அறிவித்தது அதே ஆண்டு ஜனவரியில். ஒரு மாத இடைவெளியில் அவர்கள் அவரைத் தவறவிட்டார்கள். மறு ஆண்டு ஸ்டீவ் ஹாரிஸ் இதழை மீண்டும் தொடங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வீட்டுப் பதிப்பை அத்தான் வாங்கியிருந்தார். அப்போது அவர் நவி மும்பையில் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்னை வரச்சொல்லி, கோகெனைத் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னார். நான் எதிராளியாக உட்கார்ந்தேன். முதல் சுற்று தொடங்கியதும் அவர் என்னை அடிக்கவில்லை. கோகெனை மூலைக்கு நகர்த்தி நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நானும் பொத்தானைத் தொடவில்லை. பதினான்கு வந்ததும் இருவருமே சிரித்துவிட்டோம். அவருடைய மூத்த பையன், டிவி ரிப்பேரா அப்பா, என்று கேட்டான்.